பேட்டரியை மாற்றும் முன் எர்த் வயரைப் பாருங்கள்

ஐப்பசி மழை கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒரு சாயங்காலம். பள்ளிக்கூடத்துக் கொட்டகையிலிருந்து வண்டியை எடுக்கப் போனேன். சாவியைத் திருப்பியதும் நியூட்ரல் விளக்கு பளிச்சென்று எரிந்தது. பெட்ரோல் பம்ப் வழக்கம்போல இரண்டு விநாடி ஓடி நின்றது. ஹாரன் கணீரென்று அடித்தது. செல்ஃப் பட்டனை அழுத்தினேன். சீட்டுக்கு அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி அழுத்தினால் மறுபடி 'டொக்'. நாலாவது தடவை மோட்டார் அரைச் சுற்று முனகிக்கொண்டு சுற்றி நின்றுவிட்டது.

என்னுடையது 2019இல் வாங்கிய 150 சிசி வண்டி. இன்ஜெக்‌ஷன் வகை, கிக்கர் கிடையாது. திருத்துறைப்பூண்டியில் வீடு, வேதாரண்யம் பக்கம் பள்ளி. மழையோ வெயிலோ, தினமும் இதில்தான் போய் வருகிறேன். அன்றைக்கு இரண்டு பிள்ளைகள் பின்னாலிருந்து தள்ள, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டதும் வண்டி உடனே பிடித்துக்கொண்டது. வீடு வந்து சேர்ந்தேன். மறுநாள் காலையில் ஒன்றுமே நடக்காததுபோல செல்ஃப் எடுத்தது.

இந்த 'ஒன்றுமே நடக்காததுபோல' என்பதுதான் பெரிய தொல்லை. முழுக்க செத்துப்போன வண்டியைச் சரிசெய்வது சுலபம். வந்து வந்து போகும் கோளாறு ஆளை அலைக்கழித்துவிடும். அடுத்த பத்து நாளில் மூன்று தடவை அப்படி ஆனது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அங்கே சரியாக ஸ்டார்ட் ஆகும். அவர் பேட்டரியின் வயதைக் கேட்டார். மூன்று வருஷம் தாண்டிவிட்டது என்றேன். "அப்ப பேட்டரிதான் சார்" என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. 1,600 ரூபாய்க்குப் புதிய பேட்டரி போட்டேன். பழையதைக் கொடுத்து விலையில் கொஞ்சம் கழித்துக்கொண்டார்கள். மூன்று வாரம் அருமையாக ஓடியது.

மூன்று வாரம் கழித்து, இன்னொரு மழைக்குப் பிறகு, அதே 'டொக்'.

இந்த முறை வேறொரு கடை. ரிலே (பட்டனை அழுத்தியதும் பேட்டரியின் கரண்டை ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு விடும் சுவிட்ச்) போய்விட்டது என்றார்கள். சத்தம் அங்கிருந்துதான் வருகிறது, அதனால் கோளாறும் அங்கேதான் என்பது அவர்கள் கணக்கு. ரிலேயும் மாற்றினேன். நாலைந்து நாள் ஓடியது. அதற்கப்புறம் பழைய கதை. அடுத்ததாக ஸ்டார்ட்டர் மோட்டாரையே கழற்ற வேண்டும் என்றபோதுதான் கொஞ்சம் நிதானமாக யோசிக்கலாம் என்று நிறுத்தினேன்.

தோப்புத்துறையில் வயரிங் வேலை மட்டும் பார்க்கும் ஒரு பெரியவர் இருக்கிறார். எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். டிராக்டர், லோடு ஆட்டோ, மீன் வண்டி என்று எதுவானாலும் அவரிடம் வரும். என் கதையை முழுதாகக் கேட்டுவிட்டு அவர் எந்தப் பாகத்தையும் கழற்றவில்லை. பழைய மல்டிமீட்டர் ஒன்றை எடுத்து வந்து 20 வோல்ட் டிசியில் வைத்தார். கண்ணாடி கொண்டுவரவில்லை போலிருக்கிறது, மீட்டரை என் கையில் கொடுத்து, "நான் வைக்கிறேன், எவ்வளவு காட்டுதுன்னு நீங்க படிங்க சார்" என்றார்.

முதலில் மீட்டரின் இரண்டு முனையையும் பேட்டரியின் இரண்டு முனையில் வைத்தார். 12.6. செல்ஃபை அழுத்தச் சொன்னார். 'டொக்'. மீட்டரில் 11.9 வரை இறங்கி நின்றது.

"பேட்டரி நல்லாருக்கு" என்றார். அடுத்து, கறுப்பு முனையை பேட்டரியின் மைனஸில் அப்படியே வைத்துக்கொண்டு, சிவப்பு முனையை இன்ஜின் மேல் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட் தலையில் அழுத்தினார். மீட்டர் சுழியம் காட்டியது. மறுபடி செல்ஃபை அழுத்தச் சொன்னார்.

3.1.

நான் படித்துச் சொன்னதும், "இன்னொரு தடவை" என்றார். மறுபடியும் மூன்றுக்கு மேல்தான். மீட்டரைக் கீழே வைத்துவிட்டு, பத்தாம் நம்பர் ஸ்பேனரோடு இன்ஜினுக்கு அடியில் குனிந்தார்.

பேட்டரியின் மைனஸிலிருந்து ஒரு தடித்த கறுப்பு வயர் போய் இன்ஜினில் போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருக்கும். அதுதான் எர்த் வயர். ஸ்டார்ட்டர் மோட்டாருக்குள் போன கரண்ட் முழுவதும் இன்ஜின் உடம்பு வழியாக இந்த ஒரே போல்ட்டின் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். மோட்டாரின் பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவே தனியாக எந்தத் திரும்பும் வயரும் கிடையாது. என் வண்டியில் அந்தப் போல்ட்டுக்கும் வயரின் முனையிலிருக்கும் செம்பு லக்குக்கும் நடுவில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. கழற்றித் திருப்பிப் பார்த்தபோதுதான் லக்கின் அடிப்பக்கம் முழுக்கக் கறுத்துப்போய், ஒரு ஓரத்தில் மட்டும் நகக்கண் அளவு பளபளப்பு மிச்சமிருந்தது தெரிந்தது. அந்த நகக்கண் வழியாகத்தான் இத்தனை நாள் வண்டி ஸ்டார்ட் ஆகியிருக்கிறது.

வேதாரண்யம் காற்றைப் பற்றி அங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உப்பளம் ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம். ஜன்னல் கம்பியே இரண்டு வருஷத்தில் பொரிந்து விடும். அலுமினிய இன்ஜினும் செம்பு லக்கும் இரும்பு போல்ட்டும் ஒன்றாகச் சேரும் இடத்தில் உப்பு ஈரம் படிந்தால் அரிப்பு இரட்டிப்பு வேகத்தில் நடக்கும். வெவ்வேறு உலோகங்களுக்கு நடுவே உப்புத் தண்ணீர் இருந்தால் அதுவே ஒரு குட்டி பேட்டரியாகி ஓர் உலோகத்தைத் தின்ன ஆரம்பித்துவிடும். மழைக்குப் பிறகு கோளாறு தலைகாட்டியதற்கும் காரணம் இந்தப் போல்ட்தான்.

பாய் உப்புத்தாளால் லக்கையும், இன்ஜினில் அது உட்காரும் இடத்தையும், போல்ட்டின் அடிப்பக்கத்தையும் தேய்த்து வெள்ளி மாதிரி ஆக்கினார். முடுக்கிவிட்டு, மேலே வாசலின் தடவினார். முடுக்கிய பிறகுதான் தடவ வேண்டும், அது தண்ணீர் உள்ளே போகாமல் தடுப்பதற்கு. மறுபடி அதே இரண்டு இடத்தில் மீட்டரை வைத்து அழுத்தச் சொன்னார். அழுத்திய கணத்தில் வண்டி ஸ்டார்ட். மீட்டர் காட்டியது 0.08. வாங்கிய கூலி 100 ரூபாய்.

அந்த 3.1 என்ற எண்ணை நான் வீட்டுக்கு வந்தும் விடவில்லை. பள்ளியில் பிள்ளைகளுக்கு ஓம் விதி நடத்துகிறவன். ஆனாலும் என் வண்டிக்குள் அது இருப்பது அன்றைக்குத்தான் உறைத்தது. இந்த அளவு வண்டியின் ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றும்போது பல பத்து ஆம்பியர் இழுக்கும். 40 ஆம்பியர் என்றே வைத்துக்கொள்வோம். மூட்டில் 0.08 ஓம் தடை இருந்தால் போதும், 40ஐ 0.08ஆல் பெருக்கினால் 3.2 வோல்ட் அங்கேயே போய்விடும். பேட்டரியின் 12இல் மோட்டாருக்குக் கிடைப்பது ஒன்பதுக்கும் குறைவுதான். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து அந்த மூட்டை அளந்தால் 0.08 ஓமைக் கண்டுபிடிக்கவே முடியாது. மீட்டரின் சொந்த வயருக்கே அதைவிட அதிகத் தடை உண்டு. சும்மா நிற்கும் வண்டியில் அளந்தாலும் 12.6 முழுதாகக் காட்டும். ஹாரனுக்கும் விளக்குக்கும் சில ஆம்பியர்தான் வேண்டும், அதனால் அவையும் ஒழுங்காக வேலை செய்யும். கரண்ட் அதிகமாக ஓடும் அந்த இரண்டு விநாடியில் மட்டும்தான் மூட்டின் பலவீனம் வெளியே வரும்.

அதனால்தான் எத்தனை பேர் பார்த்தும் தப்பிவிட்டது. வண்டியைச் சும்மா நிறுத்திவைத்து அளந்தார்கள். செல்ஃபை அழுத்திக்கொண்டே அளக்க வேண்டும்.

புதிய பேட்டரி ஏன் மூன்று வாரம் ஓடியது என்றும் யோசித்தேன். புது பேட்டரி சுமை ஏறும்போதும் வோல்ட்டை அதிகம் விடாமல் பிடித்து நிற்கும், மூட்டில் வீணாவது போகவும் மோட்டாருக்குக் கொஞ்சம் மிஞ்சும். மாற்றும்போது எர்த் வயரை இழுத்து வளைத்திருப்பார்கள், லக் கொஞ்சம் திரும்பிப் புதிய இடத்தில் உட்கார்ந்திருக்கும். நடுவில் மழையும் இல்லை. ஒரு பாகத்தை மாற்றியதும் கோளாறு போய்விட்டால் அந்தப் பாகம்தான் காரணம் என்று நம்பிவிடுகிறோம். என் பழைய பேட்டரி அநேகமாக நல்லதாகத்தான் இருந்திருக்கும். அதைக் கொடுத்துவிட்டதில் இன்றும் எனக்கு வருத்தம்.

அதற்கப்புறம் 350 ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். பழைய இண்டிகேட்டர் பல்ப் ஒன்றில் இரண்டு வயரைப் பற்றவைத்து டெஸ்ட் லேம்ப் ஒன்றும் செய்துகொண்டேன். சக ஆசிரியர்கள், அக்கம்பக்கத்துக்காரர்கள் வண்டி மக்கர் செய்தால் இப்போது என்னிடம் காட்டுகிறார்கள். பாயிடம் கேட்டும், நானே பார்த்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் காதும் கண்ணும். செல்ஃபை அழுத்தும்போது டிஸ்ப்ளேயையோ பின் விளக்கையோ பாருங்கள் (சில வண்டிகளில் செல்ஃப் அழுத்தினாலே ஹெட்லைட் தானாக அணையும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்). 'டிக்டிக்டிக்' என்று வேகமாக அடித்துக்கொண்டு விளக்கெல்லாம் மங்கினால், பேட்டரியில் சார்ஜ் இல்லை அல்லது பேட்டரி முனை லூஸ். ரிலே இழுக்கிறது, உடனே வோல்ட் விழுகிறது, ரிலே விட்டுவிடுகிறது, வோல்ட் ஏறுகிறது, மறுபடி இழுக்கிறது. அதுதான் அந்தச் சத்தம். ஒரே 'டொக்', விளக்கு கொஞ்சமும் மங்கவில்லை என்றால் மோட்டாருக்கு வேண்டிய அளவு கரண்ட் ஓடவில்லை. ரிலேக்குள் இருக்கும் தாமிரத் தொடு புள்ளி, தடித்த வயர்கள், எர்த், மோட்டாரின் கார்பன் பிரஷ், இவற்றில் ஒன்று. ஒரே 'டொக்', விளக்கு அடியோடு மங்குகிறது என்றால் பேட்டரி பலமிழந்திருக்கும் அல்லது மோட்டார் இறுகிப்போய் இழுத்துக்கொண்டிருக்கும்.

சத்தமே வரவில்லை என்றால் அது வேறு வழி. அங்கே பெரிய வயர்களை நோண்டுவது வீண் வேலை. ரிலேயின் சின்ன வயர்களுக்குக் கரண்ட் வரவில்லை என்று அர்த்தம். கில் சுவிட்ச் (ஹேண்டிலில் இன்ஜினை அணைப்பது), செல்ஃப் பட்டன், கிளட்ச் சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச், சைடு ஸ்டாண்ட் சுவிட்ச், ஃப்யூஸ். நியூட்ரலில் இருந்தும் பச்சை விளக்கு எரியவில்லையா? கிளட்சைப் பிடித்து அழுத்திப் பாருங்கள். எடுத்தால் நியூட்ரல் சுவிட்சில் கோளாறு. நியூட்ரலில் ஓடிக்கொண்டிருக்கும் வண்டி கியர் போட்டதும் நிற்கிறதா? ஸ்டாண்டை மடக்கியிருந்தும் அப்படி என்றால் ஸ்டாண்ட் சுவிட்சில் சேறு ஏறியிருக்கும். தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, காயவைத்து, கான்டாக்ட் கிளீனர் அடித்தால் பாதி வண்டிகளில் அதுவே போதும். கில் சுவிட்சை யாராவது பிள்ளைகள் தட்டிவிட்டுப் போயிருப்பார்கள், அதையும் முதலில் பார்த்துவிடுங்கள். எங்கள் பள்ளியில் இது அடிக்கடி நடக்கும்.

ஃப்யூஸை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் நல்லதாகத் தெரியும், ஆனால் கால் முனையில் பச்சை பூத்திருக்கும் அல்லது உள்ளே மயிரிழை விரிசல் இருக்கும். டெஸ்ட் லேம்பின் ஒரு வயரை எர்த்தில் பிடித்துக்கொண்டு, ஃப்யூஸின் முதுகில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளியையும் மற்ற வயரால் தொட்டுப் பாருங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி எரிய வேண்டும். இந்த இடத்தில் மல்டிமீட்டரைவிட டெஸ்ட் லேம்ப் எனக்குப் பிடிக்கும். மீட்டர் கிட்டத்தட்ட கரண்டே எடுக்காது, ஒரு நரம்பு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் வயரிலும் 12 வோல்ட் என்று சொல்லும். பல்ப் கரண்ட் இழுக்கும், அதனால் வயர் அறுந்திருந்தால் மங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். ஒன்று மட்டும் கவனம், பல்ப் டெஸ்ட் லேம்பை இன்ஜெக்‌ஷன் கம்ப்யூட்டரின் வயர்களிலும் சென்சார் வயர்களிலும் வைக்கக் கூடாது. அவை சின்னக் கரண்டுக்கானவை, பல்ப் இழுப்பதைத் தாங்காது.

'டொக்' வரும் வண்டிக்கு பாய் செய்ததையே செய்யுங்கள். வண்டி நியூட்ரலில், மீட்டர் 20 வோல்ட் டிசியில். செல்ஃபை அழுத்திக்கொண்டிருக்கும்போது பேட்டரியின் இரு முனைக்கு நடுவே 9.5க்குக் கீழே போனால் பேட்டரியைச் சந்தேகப்படலாம். பேட்டரி மைனஸுக்கும் இன்ஜினுக்கும் நடுவே 0.2, 0.3க்கு மேல் வந்தால் எர்த் பக்கம் கோளாறு. பேட்டரி பிளஸுக்கும் ஸ்டார்ட்டர் மோட்டாரில் வயர் ஏறும் போல்ட்டுக்கும் நடுவே அழுத்தும்போது அரை வோல்ட்டுக்கு மேல் வந்தால் ரிலே அல்லது தடித்த வயர். ரிலேயா வயரா என்று பிரிக்க, ரிலேயின் இரண்டு பெரிய போல்ட்டுக்கு நடுவே தனியாக அளந்தால் தெரிந்துவிடும். எல்லா இடத்திலும் சரியாக இருந்து மோட்டார் மட்டும் சுற்றவில்லை என்றால்தான் மோட்டாரைக் கழற்ற வேண்டும். அப்போதும் பெரும்பாலும் பிரஷ் தேய்ந்திருக்கும், முழு மோட்டார் வாங்கத் தேவை வராது.

மீட்டர் இல்லாத இடத்தில் கையே போதும். நாலைந்து தடவை செல்ஃபை அழுத்திவிட்டு மூட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். எது சுடுகிறதோ அதுதான். மூன்று வோல்ட்டும் 40 ஆம்பியரும் ஒரு போல்ட்டில் சேர்ந்தால் 120 வாட் சூடு, நாலு சால்டரிங் அயர்னை ஒரே இடத்தில் வைத்த மாதிரி. விரலை மெதுவாகக் கொண்டுபோங்கள்.

ஒரு எச்சரிக்கை. மீட்டரை ஆம்பியர் அளவில் வைத்து வயருக்கு நடுவே கோத்துக்கொண்டு செல்ஃபை அழுத்திவிடாதீர்கள். சாதாரண மீட்டர் 10 ஆம்பியருக்கு மேல் தாங்காது. ரிலேயின் இரண்டு போல்ட்டையும் ஸ்க்ரூடிரைவரால் இணைத்து மோட்டாரைச் சுற்ற வைப்பதைப் பல கடைகளில் பார்த்திருப்பீர்கள். அதில் தீப்பொறி பெரிதாகப் பறக்கும், பக்கத்திலேயே பெட்ரோல் டேங்க் இருக்கிறது, வண்டி கியரில் இருந்தால் பாய்ந்தும் விடும். நான் அதைச் செய்வதில்லை. மீட்டரில் தெரியாத எதையும் அது புதிதாகச் சொல்லிவிடவும் போவதில்லை.

இரண்டாவது கோளாறு அடுத்த வருஷம் சித்திரை வெயிலில் வந்தது, அது இன்னும் பயமானது. மெயின் ரோட்டிலிருந்து தெருவுக்குள் திரும்பினேன், சாவியை யாரோ அணைத்ததுபோல வண்டி மொத்தமாக அணைந்துவிட்டது. பின்னால் ஒரு மினி பஸ். எப்படியோ ஓரம் கட்டினேன். ஹேண்டிலை நேராக்கியதும் எல்லா விளக்கும் எரிந்தது, செல்ஃபும் எடுத்தது.

இந்த முறை நான் கடைக்கு ஓடவில்லை. எது செத்தது, எது உயிரோடு இருந்தது என்று யோசித்தேன். இன்ஜின் மட்டும் நின்று விளக்கு எரிந்திருந்தால் கில் சுவிட்ச், ஸ்டாண்ட் சுவிட்ச் பக்கம் பார்க்கலாம். இங்கே டிஸ்ப்ளே உட்பட எல்லாமே போய்விட்டது. அப்படியானால் எல்லாம் பிரிந்து போவதற்கு முன்னாலேயே எங்கோ அறுகிறது. பேட்டரி முனை, மெயின் ஃப்யூஸ், சாவி சுவிட்ச், இவற்றை இணைக்கும் வயர், இவ்வளவுதான் இடம். ஹேண்டில் திரும்பும்போது நடப்பதால் ஃப்யூஸும் பேட்டரியும் கழிந்தன. மிச்சம், சாவி சுவிட்சிலிருந்து, ஹேண்டில் திரும்பும் பேரிங்கான கோன் செட்டைத் தாண்டி உள்ளே வரும் வயர் கட்டு.

வீட்டு வாசலில் சாவியைப் போட்டுவிட்டு ஹேண்டிலை இடப்பக்கம் முழுக்கத் திருப்பி, வயர் கட்டை அங்குலம் அங்குலமாக விரலால் அழுத்திக்கொண்டே வந்தேன். ஓர் இடத்தில் டிஸ்ப்ளே மின்னி மின்னி அணைந்தது. கறுப்பு டேப்பைப் பிரித்தால் அங்கே ஒரு பிளாஸ்டிக் டை கெட்டியாக இறுக்கப்பட்டிருந்தது. அதற்கு ஆறு மாதம் முன்னால் போன் சார்ஜர் ஒன்று போட்டிருந்தேன். அதன் வயரைக் கட்டுவதற்காக இழுத்த டை. ஹேண்டில் திரும்பும்போதெல்லாம் வயர் நகர இடமில்லாமல் ஒரே இடத்தில் மடங்கி மடங்கி உள்ளே செம்பு நரம்புகள் அறுந்துவிட்டன. மேல் தோலில் ஒரு கீறல்கூட இல்லை. ஒவ்வொரு வயராக மெதுவாக இழுத்தபோது ஒன்று மட்டும் ரப்பர் மாதிரி நீண்டது. உள்ளே செம்பு இருந்தால் வயர் நீளாது.

பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, அறுந்த இடத்தை வெட்டி, அதே தடிமனில் ஒரு துண்டு வயர் சேர்த்து, சால்டர் வைத்து, சுருங்கும் ஸ்லீவ் போட்டேன். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்து, தொய்வு இருக்கும்படி தளர்வாகக் கட்டினேன். சால்டர் வைத்த இடம் மடங்கும் இடத்தில் வரக் கூடாது, அங்கேயே மறுபடி முறியும். அதனால் இணைப்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்தேன். சார்ஜர், ஃபாக் லைட், ஜிபிஎஸ் என்று எது போட்டாலும் கட்டுகிறவர் எங்கே டை இழுக்கிறார் என்று கிட்டே நின்று பாருங்கள்.

ஜிபிஎஸ் என்றதும் இன்னொன்று. இரண்டு மூன்று நாள் நிறுத்தினாலே பேட்டரி இறங்குகிறது, புது பேட்டரி போட்டும் அதே கதை என்றால் எதுவோ சாவி இல்லாமலேயே கரண்ட் குடிக்கிறது. இதற்கு மட்டும் மீட்டரை ஆம்பியரில் வைத்து, மைனஸ் முனையைக் கழற்றி நடுவில் கோத்துப் பார்க்கலாம். சாவி வெளியே இருக்க வேண்டும். சில மில்லிஆம்பியருக்கு மேல் காட்டினால், கூடுதலாகப் போட்ட சாமான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினால் ஆள் பிடிபடும்.

சார்ஜ் ஏறுகிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும், பேட்டரி வாங்கப் போவதற்கு முன்னால். இன்ஜினை ஓடவிட்டுக் கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் பேட்டரி முனையில் 13.5 முதல் 14.5 வரை வர வேண்டும். 13ஐத் தொடவில்லை என்றால் மேக்னெட் காயில் (இன்ஜின் சுற்றும்போது கரண்ட் தயாரிப்பது), ஆர்ஆர் யூனிட் (அந்தக் கரண்டை டிசியாக்கி அளவோடு பேட்டரிக்கு விடுவது), அவற்றின் கப்ளர் (வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் பிளக்) ஆகியவற்றில் கோளாறு. கப்ளரை முதலில் கழற்றிப் பாருங்கள், பிளாஸ்டிக் பழுப்பாகக் கருகியிருந்தால் அங்கேதான். 15ஐத் தாண்டினால் ஆர்ஆர் யூனிட் போய்விட்டது, ஓட்டினால் பேட்டரி வெந்துபோகும். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்க சுவிட்சே கிடையாது, பகலிலும் எரியும். தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் போய் நிறுத்தி, பத்து தடவை செல்ஃப் அடிப்பவர்களின் வண்டியில் எடுத்த சார்ஜ் திரும்ப ஏறவே நேரம் இருக்காது. அவர்கள் மாதம் ஒரு தடவையாவது தொலைவாக ஓட்டிவிட்டு வருவது நல்லது, இல்லையென்றால் சார்ஜர் வைத்து ஏற்றலாம். 5 ஆம்பியர் ஹவர் பேட்டரிக்கு அரை ஆம்பியர் போதும். கார் சார்ஜரை மாட்டி வேகமாக ஏற்றாதீர்கள்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் வண்டி பிடிக்கவில்லை என்றால் அது வேறு தலைப்பு. சாவி போட்டதும் பம்ப் சத்தம் வருகிறதா, பிளக்கில் பொறி வருகிறதா என்று பாருங்கள். பிளக்கைக் கழற்றிப் பொறி பார்க்கும்போது அதன் உடம்பை இன்ஜினில் ஒட்டிவைக்க வேண்டும், பிளக் ஓட்டையிலிருந்து தள்ளி. காற்றில் தொங்கவிட்டு அடித்தால் இக்னிஷன் காயில் கெடலாம். இன்ஜெக்‌ஷன் வண்டியில் பேட்டரி அடியோடு செத்திருந்தால் எவ்வளவு தள்ளினாலும் பிடிக்காது. பம்புக்கும் கம்ப்யூட்டருக்கும் கரண்ட் வேண்டும். என் வண்டி அன்றைக்குத் தள்ளியதும் பிடித்ததே, அதுவே பேட்டரி அடியோடு சாகவில்லை என்பதற்கு சாட்சி. பள்ளி வாசலிலேயே பாதி விடை இருந்திருக்கிறது.

பேட்டரியைக் கழற்றும்போது மைனஸை முதலில், மாட்டும்போது மைனஸைக் கடைசியில். ஸ்பேனர் பிளஸிலிருந்து நழுவி ஃபிரேமைத் தொட்டாலும் பொறி வராமல் இருக்கத்தான் இது. ஃப்யூஸ் போன இடத்தில் செம்பு நரம்பைச் சுற்றி ஓட்டுவதை எந்த அவசரத்திலும் செய்யாதீர்கள். சீட்டுக்கு அடியில் வயர் கட்டு எரிந்துபோன ஒரு வண்டியை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஐந்து, பத்து ரூபாய் ஃப்யூஸ் இரண்டு டூல் பையில் கிடக்கட்டும்.

இப்போது வருஷத்துக்கு இரண்டு தடவை, புரட்டாசி கடைசியிலும் தை பிறந்த பிறகும், எர்த் போல்ட்டைக் கழற்றித் தேய்த்து முடுக்குகிறேன். கால் மணி நேர வேலை. முடித்ததும் மீட்டரை வைத்து அழுத்திப் பார்த்து எண்ணை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். போன தை மாதம் 0.09. இந்தப் புரட்டாசியில் தேய்ப்பதற்கு முன் 0.21 இருந்தது, தேய்த்தபின் 0.07.

சென்ற வாரம் எங்கள் கணக்கு டீச்சரின் ஸ்கூட்டர் செல்ஃப் எடுக்கவில்லை. சத்தமே இல்லை. பேட்டரி சொல்லிவிட்டேன் சார், மதியம் வந்து மாற்றுவார்கள் என்றார். பிரேக்கைப் பிடிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்றேன். பிரேக் லைட் எரியவில்லை. வலது பிரேக்கை விட்டு இடதைப் பிடிக்கச் சொன்னேன், எரிந்தது. அப்படியே அழுத்துங்கள் என்றேன், ஸ்டார்ட் ஆகிவிட்டது. பிரேக் பிடித்தால்தான் அந்த ஸ்கூட்டரில் செல்ஃப் எடுக்கும், வலதுபக்கச் சுவிட்ச் போயிருந்தது. டீச்சர் போனை எடுத்து பேட்டரிக் கடைக்காரரிடம் வர வேண்டாம் என்று சொன்னார்.